கூட்டிப் பார்த்தால் 74, தளத்தில் 67: ஓர் இணையவழிப் படிப்பைச் சீரமைத்த அனுபவம்

தமிழில் மெய்ப்புத் திருத்துவது எப்படி என்று நான் நடத்தும் பதினாறு வார இணையவழிப் படிப்பின் முதல் அணி முடியும் தறுவாயில் இருந்தபோது, மாணவி ஒருவர் எனக்கு ஒரு சிறு கணக்கை எழுதி அனுப்பினார். எட்டுக் குறுந்தேர்வுகளில் அவர் பெற்றது 80க்கு 76. மூன்று ஒப்படைப்புகளில் பெற்றது 300க்கு 180. குறுந்தேர்வுகளுக்கு 40 விழுக்காடு, ஒப்படைப்புகளுக்கு 60 விழுக்காடு என்று முதல் வாரமே நான் அறிவித்திருந்தேன். அதன்படி 38உம் 36உம் சேர்ந்து 74 வர வேண்டும், தளமோ 67.37 என்று காட்டுகிறது, எந்த இடத்தில் பிழைவிட்டேன் என்று சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார். அவர் எந்த இடத்திலும் பிழைவிடவில்லை. மேற்படிப்புக்கான தகுதி 70 என்று நானே வரையறுத்திருந்ததால், அந்த ஏழு மதிப்பெண்ணுக்குள் அவருடைய அடுத்த கட்டமே அடங்கியிருந்தது. அன்று தொடங்கிய சீரமைப்பு, இரண்டாம் அணிக்குத் தளத்தைத் திறக்கும் வரை நீண்டது. செய்தவற்றை, செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

தளம், இணையவழிப் படிப்புகளை நடத்துவதற்கான மூடுல் மென்பொருளில் இயங்குவது. மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002 ஆகஸ்டில் முதல் பதிப்பை வெளியிட்ட இந்தத் திறமூல மென்பொருளில் மதிப்பெண் பதிவேட்டைக் கணக்கிடுவதற்குப் பல முறைகள் உண்டு. 2014இல் வந்த 2.8ஆம் பதிப்பிலிருந்து, நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘இயல்பு’ எனப் பொருள்படும் முறையே தானாக அமைந்துவிடுகிறது. அது எல்லாப் பணிகளின் மதிப்பெண்களையும் அப்படியே கூட்டி, எல்லாவற்றின் உச்ச மதிப்பெண்களின் கூட்டுத்தொகையால் வகுக்கிறது. என் குறுந்தேர்வுகளின் உச்ச மதிப்பெண் தலா 10. ஒப்படைப்புகளுக்கு, புதிதாகச் சேர்க்கும்போது தளம் காட்டிய 100ஐயே மாற்றாமல் விட்டிருந்தேன். ஆகவே 80உம் 300உம் சேர்ந்து 380 ஆயிற்று. குறுந்தேர்வுகளின் பங்கு 40இலிருந்து 21 விழுக்காடாகச் சுருங்கியது. மாணவியின் 256ஐ 380ஆல் வகுத்தால் தளம் காட்டிய அதே 67.37 கிடைக்கிறது. மென்பொருள் கணக்கில் தவறவில்லை. நான் அறிவித்த விழுக்காட்டை அதற்கு ஒருபோதும் சொல்லவே இல்லை.

மாற்றத் தொடங்குவதற்கு முன், அப்போதிருந்த மதிப்பெண்கள் அனைத்தையும் விரிதாளாக இறக்கி வைத்துக்கொண்டேன். ஆசிரியர் நிலையில் இருப்பவர் எடுக்கும் காப்புப் பிரதியில் வழக்கமாக மாணவர்களின் தரவு சேர்வதில்லை. பாடங்களும் கேள்விகளும் மட்டுமே சேரும். எனவே பழைய நிலைக்குத் திரும்ப நேர்ந்தால் கையில் இருக்கும் ஒரே சான்று அந்த விரிதாள்தான். பிறகு பதிவேட்டில் ‘குறுந்தேர்வுகள்’, ‘ஒப்படைப்புகள்’ என்று இரண்டு பிரிவுகளை உருவாக்கி, பணிகளை அந்தந்தப் பிரிவுக்குள் நகர்த்தினேன். பிரிவுக்குள் எளிய சராசரி, மொத்தப் படிப்புக்கு எடையிட்ட சராசரி என்று கணக்கிடும் முறையை மாற்றி, எடைகளை 40, 60 என்று பதிந்தேன். எடையிட்ட சராசரியில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் முதலில் அதன் உச்சத்துக்கு ஏற்ற விகிதமாக்கப்படுவதால், 10க்கு வைத்த தேர்வும் 100க்கு வைத்த ஒப்படைப்பும் ஒன்றையொன்று அமுக்குவதில்லை. பக்கத்தைப் புதுப்பித்தபோது அந்த மாணவியின் வரியில் 74.00 என்று வந்தது.

அத்துடன் வேலை முடிந்ததாகவே நினைத்தேன். மொத்த மதிப்பெண்ணை இறங்குவரிசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் அடுத்த பிழை தெரிந்தது. முதல் ஒப்படைப்பை மட்டும் அனுப்பி, மற்ற இரண்டையும் அனுப்பாமலேயே விட்டுவிட்ட ஒருவர் 82 மதிப்பெண்ணுடன் மேலே நின்றார். மூன்றையும் உழைத்து எழுதி அனுப்பிய மாணவி 74இல் கீழே நின்றார். காரணம், ‘வெற்று மதிப்பெண்களை விலக்குக’ என்னும் கட்டத்தில் இருந்த டிக். அந்த டிக் இருக்கும் வரை, மதிப்பெண் இடப்படாத பணி கணக்கிலேயே சேராது. குறுந்தேர்வுகளில் அவருக்கு 70 விழுக்காடு, எனவே 28, ஒப்படைப்பில் ஒன்றே ஒன்றில் 90 பெற்றிருந்ததால் அந்தப் பிரிவு முழுவதற்கும் 90 என்று கொள்ளப்பட்டு 54, ஆக 82. அனுப்பாத இரண்டையும் சுழியமாகக் கொண்டால் அவருடைய ஒப்படைப்புச் சராசரி 30தான், மொத்தம் 46. பழைய முறையிலும் இதே பிழை இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். அதில் வேறொரு தீங்கு இருக்கிறது. படிப்பு நடந்துகொண்டிருக்கும்போது டிக் இல்லாவிட்டால், இன்னும் நாளே வராத ஒப்படைப்புகளும் சுழியமாகக் கணக்கிடப்படும். நான்காம் வாரத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த மாணவருக்குக்கூடத் தம் மொத்தம் முப்பதைத் தாண்டவில்லையே என்ற கலக்கம் ஏற்படும். வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் படிக்க வருபவர்களுக்கு அப்படி ஓர் எண்ணைக் காட்டுவதை நான் விரும்பவில்லை. ஆகவே டிக்கை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒப்படைப்பின் இறுதி நாளும் கடந்தபின் அனுப்பாதவர்களுக்கு நானே சுழியம் இடுவது என்று முடிவு செய்தேன்.

சுழியத்தை எங்கே இடுகிறோம் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. அதை நான் பட்டுத்தான் அறிந்துகொண்டேன். முதலில் பதிவேட்டின் கட்டங்களிலேயே நேராகச் சுழியம் தட்டினேன். அவர்களுள் ஒருவருக்கு உடல்நலக் குறைவு காரணமாகக் கூடுதல் நாள் கொடுத்திருந்தேன். அவர் பத்து நாள் கழித்து ஒப்படைப்பை அனுப்பினார், நானும் திருத்தி 72 இட்டேன். ஒப்படைப்புப் பக்கத்தில் 72 என்றே இருந்தது. பதிவேட்டில் மட்டும் சுழியம் அசையாமல் நின்றது. பதிவேட்டில் கையால் இடும் எண், மூலப் பணியிலிருந்து வரும் எண்ணை மீறி நிற்கும் என்பது மூடுலின் விதி. அத்தகைய கட்டம் வேறு நிறத்தில் காட்டப்படும். அந்த மீறலை நீக்கும் வரை, ஒப்படைப்பில் நாம் என்ன திருத்தினாலும் பதிவேட்டுக்கு வந்து சேராது. நான் தட்டிய எல்லாச் சுழியங்களின் மீறல் குறிகளையும் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, ஒப்படைப்பின் சொந்த அட்டவணைக்குள் சென்று விரைவு மதிப்பீட்டைத் திறந்து, அங்கே சுழியம் இட்டேன். அங்கே இடும் சுழியம் பின்னால் 72 ஆக மாறினால் பதிவேடும் தானாக மாறிக்கொள்கிறது.

இவ்வளவும் செய்தபின், மாணவர்கள் காணும் மதிப்பெண் அறிக்கையின் அமைப்பில் இரண்டு நெடுவரிசைகளைத் திறந்துவிட்டேன்: ஒவ்வொரு பணியின் எடை ஒன்று, அப்பணி மொத்தத்துக்கு எவ்வளவு சேர்க்கிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டும் இருந்தால் எவரும் தம் மதிப்பெண்ணைத் தாமே கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே இவை திறந்திருந்தால், பதினான்காம் வாரத்தில் அந்த மாணவி தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முதல் அணியினர் அனைவருக்கும், எது பிழையாக இருந்தது, என்ன மாற்றினேன், ஒவ்வொருவரின் பழைய மொத்தம் என்ன, புதிய மொத்தம் என்ன என்று தனித்தனியே எழுதி அனுப்பினேன். சிலருக்கு மதிப்பெண் குறைந்தது. அவர்களுக்கு எழுதிய கடிதங்கள்தான் நெடுநேரம் எடுத்தன.

இந்தப் பிழைகள் இத்தனை வாரம் என் கண்ணில் படாமல் இருந்ததற்கு ஒரு காரணம், நான் தளத்தை ஆசிரியராகவே பார்த்துவந்தது. ‘மாணவராக மாறிப் பார்’ என்னும் வசதி மூடுலில் இருக்கிறது. ஆனால் அது பக்கங்களின் தோற்றத்தைத்தான் காட்டுமே தவிர, நாம் மாணவராகச் சேர்க்கப்படாததால் நமக்கென்று மதிப்பெண்ணோ நிறைவுக் குறியோ அங்கே உருவாவதில்லை. ஆகவே வேறொரு மின்னஞ்சலில் தனிக் கணக்கு தொடங்கி, அதை மெய்யான மாணவராகவே படிப்பில் சேர்த்துக்கொண்டேன். வேறொரு உலாவியில் எப்போதும் அந்தக் கணக்கு திறந்திருக்கும். எந்த அமைப்பை மாற்றினாலும் முதலில் அங்கே போய்ப் பார்ப்பேன். இனி வருவனவற்றுள் பாதி, அந்தக் கணக்கின் வழியாகக் கண்டறிந்தவை.

அடுத்துக் குறுந்தேர்வுகளின் புள்ளிவிவர அறிக்கையைத் திறந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் எளிமைக் குறியீடு, பிரித்தறியும் குறியீடு என்று இரண்டு எண்களை அது தருகிறது. முந்தையது, அக்கேள்விக்கு எல்லோரும் பெற்ற மதிப்பெண்களின் சராசரி விழுக்காடு. பிந்தையது, தேர்வு முழுவதையும் நன்றாக எழுதியவர்களே இந்தக் கேள்வியையும் நன்றாக எழுதினார்களா என்பதைக் காட்டுவது. பின்னது 50க்கு மேல் இருந்தால் நல்ல கேள்வி. எதிர்மறையாக இருந்தால் பெரும்பாலும் கேள்வியிலோ விடைக்குறிப்பிலோ கோளாறு இருக்கும். என் மூன்றாம் தேர்வில் ஒரு கேள்வி மட்டும் தனித்து நின்றது. ‘அவ்வையார் என்பதன் ஔகார வடிவத்தை எழுதுக’ என்ற, யாரும் தவறவிட முடியாத கேள்வி. 48 பேரில் 20 பேருக்கே மதிப்பெண் கிடைத்திருந்தது, அதாவது 41.67 விழுக்காடு. பிரித்தறியும் குறியீடு சுழியத்தை ஒட்டிக் கிடந்தது. நன்றாகப் படிப்பவர்களும் தவறியிருந்தார்கள், தடுமாறுபவர்களும் சரியாக எழுதியிருந்தார்கள்.

விடைகளின் பட்டியலைத் திறந்தால், சரி என்ற பச்சைக் குறிக்கு அருகிலும் ‘ஔவையார்’, தவறு என்ற சிவப்புக் குறிக்கு அருகிலும் அதே சொல் என்றே என் கண்ணுக்குத் தோன்றியது. சிவப்புக் குறியிட்ட ஒரு விடையை நகலெடுத்து வெற்று உரைப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் எழுத்துக்கும் ‘வை’க்கும் நடுவே சுட்டியை நிறுத்திப் பின்னழிப்பு விசையை ஒரு முறை தட்டியபோது, எழுத்தின் வலப்பாதி மட்டும் மறைந்து ‘ஒ’ நின்றது. பச்சைக் குறியிட்ட விடையில் அதே விசையைத் தட்டினால் எழுத்து முழுவதும் மறைந்தது. முன்னது ஒகரமும் ளகரமும் பக்கத்தில் பக்கத்தில் தட்டப்பட்ட ‘ஒள’. பின்னது ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே எழுத்தாக உள்ள ‘ஔ’. தட்டச்சுப் பொறியில் பழகிய கைகளுக்கு ளகரத்தைப் பக்கத்தில் வைத்தே ஔகாரம் எழுதிப் பழக்கம். அந்தப் பழக்கம் கணினிக்கும் வந்துவிடுகிறது. தவறியதாகக் குறிக்கப்பட்ட 28 பேரில் 23 பேர் எழுதியது இந்த ‘ஒள’தான்.

மூடுலின் சிறுவிடைக் கேள்வி, எழுத்துகளை ஒப்பிடுவதற்கு முன் ஒருங்குறியில் சமமெனக் கருதப்படும் வடிவங்களை ஒன்றாக்கிக்கொள்கிறது. ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகத் தட்டினாலும், இடப்பக்கக் கொம்பையும் வலப்பக்கக் காலையும் தனித்தனியே தட்டினாலும் விடை ஏற்கப்படுவதைச் சோதனைக் கணக்கில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். ஆனால் ளகரம் தனித்து நிற்கும் ஒரு முழு உயிர்மெய்யெழுத்து. ஔகாரத்தின் வலப்பாதியோடு அதற்குள்ள ஒற்றுமை தோற்றத்தில் மட்டுமே. எனவே எந்தச் சமப்படுத்தலும் இவ்விரண்டையும் ஒன்றாக்காது. ‘மௌனம்’, ‘பௌர்ணமி’ போன்ற சொற்களிலும் இதே சிக்கல்தான்.

இதற்கு மதிப்பெண் தரலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மெய்ப்புத் திருத்துபவருக்கு இந்த வேறுபாடு தெரிந்தே ஆக வேண்டும். ‘ஔ’ என்று தேடினால் ‘ஒள’ என்று தட்டிய பக்கம் அகப்படாது, அகரவரிசையில் அடுக்கினால் அது ஒகரத்துக்குள் போய் விழும். ஆனால் நான் கேட்டது எழுத்துமுறையை, தட்டச்சு முறையை அன்று. அதை அதுவரை கற்பிக்கவும் இல்லை. கற்பிக்காத ஒன்றுக்காக மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது. ஆகவே ‘ஒளவையார்’ என்பதையும் முழு மதிப்பெண்ணுக்குரிய இரண்டாவது விடையாகச் சேர்த்து, அந்த விடைக்கு மட்டும் தோன்றும் குறிப்பில் இரண்டு எழுத்துகளாகத் தட்டியிருக்கிறீர்கள் என்பதையும், பின்னழிப்பு விசையால் அதைக் கண்டறியும் வழியையும் எழுதினேன். 2022இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து கேள்வியைத் திருத்தும்போதெல்லாம் அதன் புதிய பதிப்பு ஒன்று உருவாகிறது; தேர்வு எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறது என்பதைத் திருத்தியபின் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. பின் மறுமதிப்பீட்டை முதலில் ஒத்திகையாக ஓடவிட்டேன். யாருடைய மதிப்பெண் எவ்வளவு மாறும் என்று எதையும் மாற்றாமலேயே அது பட்டியலிடுகிறது. பட்டியலில் அந்த 23 பேர் மட்டுமே இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே உண்மையாக ஓடவிட்டேன். எளிமைக் குறியீடு 89.58க்கு உயர்ந்தது.

இரண்டாம் அணிக்காகப் படிப்பை நகலெடுத்தபோது, புதிய தொடக்க நாளைக் கொடுத்ததும் குறுந்தேர்வு, ஒப்படைப்பு நாள்கள் எல்லாம் அதே இடைவெளியில் தள்ளிப்போயின. வசதியான ஏற்பாடுதான். ஆனால் நான் கொடுத்த நாள் முந்தைய தொடக்கத்திலிருந்து 135 நாள் தள்ளி இருந்தது. அதில் பத்தொன்பது வாரத்துக்கு 133 நாள் போக மீதி இரண்டு நாள். திங்களில் தொடங்கிய படிப்பு புதனில் தொடங்கியது. ஞாயிறு இரவு முடிய வேண்டிய ஒப்படைப்புகள் அனைத்தும் செவ்வாய்க்கு மாறின. வார இறுதியை நம்பிப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. நகலை அழித்துவிட்டு, 140 நாள் தள்ளி, அதாவது சரியாக இருபது வாரம் கழித்து வரும் திங்களைக் கொடுத்து மீண்டும் எடுத்தேன். அமைப்புகளில் உள்ள நாள்கள்தாம் இப்படி நகரும். பாடப் பக்கங்களுக்குள் நான் சொற்களாக எழுதிவைத்த நாள்கள் நகரா. அவற்றை ஒவ்வொரு பக்கமாகத் தேடி, நாளை நீக்கிவிட்டு ‘ஒப்படைப்புப் பக்கத்தில் காண்க’ என்று மாற்றினேன். இறுதி நேரம் நள்ளிரவு 12.00 என்று இருந்ததையும் இரவு 11.55 ஆக்கினேன், 15ஆம் நாள் 12.00 மணி என்பது 14ஆம் நாளின் முடிவு என்று எல்லோரும் ஒரேபோல் புரிந்துகொள்வதில்லை. வேறு வேறு நேர மண்டலங்களில் இருப்பவர்களுக்குத் தளம் அவரவர் கணக்கில் பதிந்த நேரப்படியே காட்டுவதால், அதைச் சரிபார்க்கும்படி வரவேற்பு மடலில் ஒரு வரி சேர்த்தேன். முடிவு நாள் கடந்தபின்னும் ஒப்படைப்பு தாமதக் குறியுடன் ஏற்கப்படும், தடுப்பு நாள் கடந்தால் ஏற்கப்படாது என்ற வேறுபாட்டையும் அதே மடலில் விளக்கினேன்.

இடையில் தளம் வேறு சேவையகத்துக்கு மாறியிருந்தது. சோதனைக் கணக்கில் முப்பது நிமிடக் குறுந்தேர்வு ஒன்றைத் தொடங்கி, நான்கு கேள்விகளுக்கு விடையளித்துவிட்டு உலாவியை மூடினேன். விடைகள் தாமாகவே நிமிடத்துக்கு ஒரு முறை சேமிக்கப்படும். நேரம் முடிந்ததும் தேர்வு தானாக ஒப்படைக்கப்பட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் ‘நடைபெறுகிறது’ என்றே இருந்தது. மாணவர் உலாவியை மூடிவிட்ட நிலையில் தேர்வை முடித்துவைப்பது, சேவையகத்தில் குறித்த இடைவெளியில் ஓடும் கிரான் என்னும் பின்னணிப் பணி. சேவையக நிர்வாகியிடம் கேட்டபோது, புதிய இடத்தில் அந்தப் பணி நாளுக்கு ஒரு முறை மட்டும் ஓடும்படி அமைந்திருப்பது தெரிந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி அவர் மாற்றியதும் தேர்வு முடிந்து, நான்கு விடைகளுக்கும் மதிப்பெண் வந்தது. அறிவிப்பு மின்னஞ்சல்களும் இதே பணியை நம்பியே இருப்பதால், இது கவனிக்கப்படாமல் போயிருந்தால் முதல் வார அறிவிப்பே ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மற்றவை சிறிய வேலைகள். புதிய மாணவர் பட்டியலைச் சி.எஸ்.வி. கோப்பாக ஏற்றியபோது தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன, விரிதாளிலிருந்து, தமிழ் எழுத்துகளைச் சிதையாமல் காக்கும் யூ.டி.எஃப்.-8 வடிவில் சேமித்து மீண்டும் ஏற்றியதும் சரியாயின. பார்வைக் குறைபாடுள்ள ஒருவருக்கு 30 நிமிடத் தேர்வுகளை 45 நிமிடமாக்கத் தனி விலக்கு அமைத்தேன். மாணவர்களை விட்டுவிட்டு நகலெடுக்கும் படிப்பில் இத்தகைய விலக்குகள் உடன் வருவதில்லை என்பதால், ஒவ்வோர் அணிக்கும் இதைப் புதிதாகவே செய்ய வேண்டும்.

இரண்டாம் அணி தொடங்கி ஐந்து வாரமாகிறது. முதல் ஒப்படைப்பின் தடுப்பு நாள் கடந்த மறுநாள், அனுப்பாத நால்வருக்கு ஒப்படைப்பு அட்டவணையிலேயே சுழியம் இட்டுவிட்டு, பட்டியலிலிருந்து மூவரின் மதிப்பெண்களை எடுத்துத் தாளில் கூட்டினேன். மூன்றும் தளத்தின் எண்ணோடு இரண்டாம் தசமம் வரை பொருந்தின. மூன்றாம் குறுந்தேர்வில் இம்முறை ‘ஒள’ என்று தட்டியவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு அந்தக் குறிப்பு தோன்றியிருக்கிறது. ஏழாம் வாரத்தில் ஔகாரத்துக்கென்று சேர்த்திருக்கும் புதிய பாடத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.